பெயர் அச்சேறாதவர்

1867-ஆம் வருஷத்து 25-ஆவது சட்டம் என்று சொன்னால் பொதுமக்களில் அநேகருக்கு ஒன்றும் விளங்காது. பத்திரிகைத் தொழிலில் உள்ளவர்களுக்கோ அது நாள்தோறும் கண்விழித்த முகம். அச்சுக்கூடங்களையும் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் பதிவு செய்து கண்காணிக்கும் பொருட்டு ஆங்கில சர்க்கார் இயற்றிய அச்சட்டம், இயற்றியவர்கள் கப்பலேறிய பின்னரும் எழுபத்தாறு வருஷம் நம்மை ஆண்டுவிட்டு, 2024 மார்ச்சு 1-ஆம் தேதி ஓய்வு பெற்றது. அதனிடத்தில் பத்திரிகைகளுக்கு 2023-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் வந்து அமர்ந்திருக்கிறது. மாஜிஸ்டிரேட்டின் முன்னே நின்று, "இன்ன பத்திரிகையை அச்சிடுவோனும் வெளியிடுவோனும் யானே" என்று கையொப்பமிடும் பழைய சடங்கும் அத்துடன் கழிந்தது.

அச்சட்டத்துக்காகக் கண்ணீர் விட நாம் தயாராயில்லை. ஆயினும் அதன் 3-ஆவது பிரிவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் பத்திரிகையிலும் அச்சிட்டவர் பெயரும், அச்சிட்ட இடமும், வெளியிட்டவர் பெயரும் தெளிவாய்ப் பொறிக்கப்படவேண்டும் என்பது அப்பிரிவின் கட்டளை. மரியாதை கருதிச் செய்த ஏற்பாடன்று அது. விலங்கை யார் கையில் மாட்டுவது என்று துரைத்தனத்தாருக்குத் தெரிந்திருக்கவேண்டுமல்லவா? 1908-இல் சென்னை 'இந்தியா' பத்திரிகையின்மீது ராஜத்துவேஷ வழக்கு வந்தபோது, எழுதியவர் பாரதியார் என்பது ஊரறிந்த ரகசியம். ஆனால் சிறை புகுந்தவர், பதிவேட்டில் பெயர் கண்டிருந்த ஸ்ரீநிவாஸன். பெயர் பொறிப்பதன் பொருள் இதுவே.

நிற்க. எழுதியவர், அச்சிட்டவர், வெளியிட்டவர் என்று மூவரைத் தேடிய சட்டம் நான்காவது ஒருவரைத் தேடவேயில்லை. ஒவ்வோர் எழுத்தையும் விரலால் பொறுக்கி, வரி வரியாய்க் கோத்து, பக்கமாக்கிக் கொடுத்தவன் ஒருவன் இருந்தான். அவன் பெயரை எந்த அதிகாரியும் கேட்கவில்லை. சிறையில் அடைப்பதற்குக்கூட அவன் தகுதியற்றவனாய் இருந்தான் போலும்! என் தகப்பனார் அத்தகையோரில் ஒருவர். என் பாட்டனார் மற்றொருவர். இப்பத்தியில் 'நாம்' என்று எழுதுவதே பத்திராதிபர் வழக்கம். இன்று ஒரு நாள் 'நான்' என்று எழுத வாசகர்கள் அனுமதிப்பார்களாக.

இருவரும் மதுரையில் ஒரே அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அந்த அச்சுக்கூடத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் விளங்கும். பாட்டனார் 1958-இல் காய்ச்சல் கண்டு இறந்தார். காரியங்கள் முடிந்த மறுவாரமே, பதினான்கு வயதுப் பையனான என் தகப்பனார் அவருடைய முக்காலியில் ஏறி உட்கார்ந்தார். முதல் இரண்டு வருஷம் எழுத்துக் கோக்க விடமாட்டார்கள். அச்சாகி வந்த பக்கங்களைக் கலைத்து, எழுத்துக்களை அவற்றின் அறைகளில் பிரித்துப் போடுவதே வேலை. எந்த எழுத்து எந்த அறையில் இருக்கிறதென்பதைக் கண் கற்பதற்கு முன்னே கை கற்கவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பயிற்சி அது.

தமிழ் எழுத்து 247 என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்லுவார்கள். கம்பாஸிடரின் கணக்கு வேறு. கொம்புகளும் கால்களும் தனித்தனி அச்சாய் இருத்தலால் கா, கெ, கே முதலியவற்றுக்குத் தனி வார்ப்பு வேண்டியதில்லை. ஆனால் கி, கீ, கு, கூ என்னும் நான்கு வரிசைகளிலும் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி அச்சு வேண்டும். அவை மட்டுமே 72. அவற்றின்மேல் உயிர், மெய், கிரந்தம், இலக்கங்கள், குறியீடுகள், இடைவெளிக் கட்டைகள். இவ்வளவும் எதிரே சாய்த்து வைத்த பெட்டிகளின் அறைகளில் பரந்து கிடக்கும். இடக்கையில் ஸ்டிக், வலக்கை அறைக்கும் ஸ்டிக்குக்குமாகப் போய்வந்துகொண்டே இருக்கும், கண் கையெழுத்துப் பிரதியை விட்டு அகலாது. எழுத்துக்கள் ஸ்டிக்கில் தலைகீழாய் நிற்கும். அப்படியே படித்துப் பிழை காணவேண்டும்.

இதனால் தகப்பனாருக்கு ஒரு வினோத சக்தி உண்டாயிற்று. டீக்கடையில் எதிரே இருப்பவர் மேசைமேல் விரித்துப் படிக்கும் தினசரியை, இப்புறமிருந்து தலைகீழாய்ப் படித்து முடித்துவிடுவார். அவர் அடுத்த பக்கம் புரட்டும் வரையில் பொறுமையாய்க் காத்திருப்பார். காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கியதை நான் பார்த்ததில்லை. நியாயாதிபதியின் மேசைமேலுள்ள கட்டை எதிரில் நின்றே படிக்கக்கூடிய இவ்வித்தை வக்கீலாகிய எனக்கு வந்திருந்தால் எவ்வளவோ உபயோகமாயிருந்திருக்கும். பள்ளிக்கூடப் படிப்பு அதைக் கெடுத்துவிட்டது.

எங்கள் வீட்டு அடுக்களைப் பலகைகளில் விரித்த காகிதமெல்லாம் புரூப் காகிதமே. என் நோட்டுப் புத்தகங்களின் உறைகள், பிழையாய் அச்சாகிக் கழிக்கப்பட்ட கல்யாணப் பத்திரிகைகள். ஆவணியிலும் தையிலும் தகப்பனார் இரவு பத்து மணிக்குமுன் வீடு திரும்புவதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு முன் பத்து நாள் வீடு திரும்பியதே இல்லை என்று சொல்லலாம். சினிமாப் பாட்டுப் புத்தகம், கருமாதிக் கடிதம், தேர்தல் நோட்டீஸ், ரேஷன் கடைப் பில் என்று வேற்றுமையில்லாமல் எல்லாவற்றையும் கோத்தார். 1967 தேர்தலில் காங்கிரஸ் நோட்டீஸைக் காலையிலும் தி.மு.க. நோட்டீஸை மாலையிலும் கோத்ததாகச் சொல்லுவார். அவர் எக்கட்சிக்கு வோட்டளித்தார் என்று கேட்டதற்கு, "காலை நோட்டீஸில் பிழை குறைவு" என்பதற்குமேல் பதில் வரவில்லை.

1978-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, பதின்மூன்று எழுத்துக்களின் வடிவத்தை மாற்றியது. பெரியார் நெடுங்காலம் தம் பத்திரிகையில் கையாண்ட சீர்திருத்தம் அது, நல்ல சீர்திருத்தமே. துதிக்கை தூக்கிய பழைய லையும் ளையும், சுழித்து வளைந்த பழைய ணாவும் றாவும் னாவும் போயின. மேடையில் இருப்பவர்களுக்கு அது ஓர் ஆணை. இருபது வருஷம் ஒரே அறைக்குப் பழகிய கைக்கு அது என்னவாயிருந்தது என்பதை நான் வீட்டில் கேட்டிருக்கிறேன். கை தானாய்ப் பழைய அறைக்குப் போகும். கண் ஓடிப்போய்த் தடுக்கவேண்டும். பல மாதம் தம்மைப் புதுப்பையன் என்றே எல்லாரும் கேலி செய்ததாகச் சொல்லிச் சிரிப்பார்.

அச்செழுத்து ஈயமும் அன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த உலோகம். பெரும் பகுதி ஈயமே. கையில் ஏறி, சோற்றோடு வயிற்றுக்குள் போகும். பாட்டியார் தம் புருஷனைப் பார்த்துப் பயந்தவர். ஆகையால் மகன் வாசலில் நுழைந்ததும் புளியும் சீயக்காயும் தேய்த்துக் கை கழுவாமல் தட்டில் உட்கார விடமாட்டார். தினமும் ஒரு வாழைப்பழம் உண்டு. அப்படியும் நாற்பது வயதுக்குமேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும் வலி வந்தது. வைத்தியர் வாயு என்றார். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், சர்க்காருக்கு அறிவிக்கவேண்டிய தொழில்நோய்களில் முதலாவதாக நிற்பது ஈய விஷம் என்பதை நான் சட்டக் கல்லூரியில் படித்தபோது, அந்த 'வாயு'வின் பெயர் எனக்குத் தெரிந்தது. சட்டம் தெரிந்து என்ன பயன்? விசையில்லாமல் காலால் மிதித்து ஓட்டும் அச்சுக்கூடமானால் இருபது பேர், மோட்டார் வைத்த அச்சுக்கூடமானால் பத்துப் பேர் இருந்தால்தான் அச்சட்டப்படி அன்று அது 'தொழிற்சாலை'. அச்சுக்கூடத்தில் மோட்டார் இருந்தது. வேலையாட்கள் பதினான்கு பேர் இருந்தார்கள். பதிவேட்டில் ஒன்பது பெயர்கள் இருந்தன.

இந்த ஒன்பது என்ற எண்ணைப் பற்றிப் பேசுமுன் 1942-க்குப் போகவேண்டியிருக்கிறது.

அவ்வருஷம் ஆகஸ்டு 8-ஆம் தேதி பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியதும், மறுநாள் விடியுமுன் காந்தியடிகளும் தலைவர்களும் கைதானதும் வாசகர்கள் அறிந்தது. தலைவர்கள் போனபின் ஊருக்கு ஊர் துண்டுப் பிரசுரங்களே தலைமை தாங்கின. அத்துண்டுகளில் ஒரு விசேஷம்: 3-ஆவது பிரிவு கேட்கும் அச்சிட்டவர் பெயர் அவற்றில் இராது. பாட்டியார் எனக்குச் சொன்னது வருமாறு: பாட்டனார் முதலாளிக்குத் தெரியாமல் மூன்று இரவுகள் அச்சுக்கூடத்தில் தங்கித் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கோத்து அடித்துக் கொடுத்தார். நாலாம் நாள், போலீஸார் துண்டுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்களாம் என்ற சேதி வந்தது. அப்பொழுதுதான் அவருக்கு நினைவு வந்தது: அந்த அச்சுக்கூடத்து 'ழ்' எழுத்துக்களில் சிலவற்றின் சுழி ஒடிந்திருக்கும். 'வாழ்க' என்றும் 'தமிழ்' என்றும் வராத தேசியப் பிரசுரம் உண்டா? ஒடிந்த சுழி அச்சுக்கூடத்தின் கைரேகைபோல ஒவ்வொரு துண்டிலும் விழுந்திருந்தது. அன்றிரவே அவ்வெழுத்துக்களைப் பொறுக்கி மடியில் கட்டிவந்து வீட்டுக் கிணற்றில் போட்டார். "ஒரு பிடி இருக்கும், ராசா. 'ளக்' என்று சத்தம் கேட்டது" என்பார் பாட்டியார்.

மறுநாள் முதலாளி 'ழ்' அறையைப் பார்த்தார், பாட்டனாரைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. எங்கிருந்தோ ஒரு பொட்டலம் புது 'ழ்' வாங்கிவந்து அறையில் கொட்டினார். விஷயம் வெளிப்பட்டிருந்தால் அச்சுக்கூடம் பறிபோயிருக்கும்; அவரும் சிறை கண்டிருப்பார். அவர் கதராடை உடுத்தியவரல்லர், கூட்டத்துக்குப் போனவரல்லர், வியாபாரி.

வக்கீல் என்ற முறையில் இக்கதையை நான் எவ்வளவோ முறை குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். இது செவிவழிச் செய்தி. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின்படி நிற்காது. 2024 ஜூலை முதல் அதனிடத்தில் வந்துள்ள புதுச் சட்டத்தின்படியும் நிற்காது. பெயரில்லாத காகிதத்துக்குப் பெயர் சொல்லும் ரிக்கார்டு எங்கே கிடைக்கும்? 1972-இல் மத்திய சர்க்கார் தியாகிகளுக்குப் பென்ஷன் ஏற்படுத்தியபோது, சிறைவாசம் முதலியவற்றுக்கு அத்தாட்சி கேட்டது. பாட்டனார் பிடிபடவில்லை, வேலையைச் செம்மையாய்ச் செய்ததே அவருக்கு விரோதமான அத்தாட்சியாயிற்று. பாட்டியார் மனுப் போடவுமில்லை.

ஒரே ஒரு சந்தர்ப்ப சாட்சியம் உண்டு. அது தகப்பனார் சொன்னது. அவர் 1958-இல் எழுத்துப் பிரிக்க உட்கார்ந்தபோது, மற்ற அறைகளிலெல்லாம் ஒரே வார்ப்பு எழுத்துக்கள் இருக்க, 'ழ்' அறையில் மட்டும் வேறு வார்ப்பு கலந்து கிடந்தது. உடம்பு நூலளவு பெருத்தது; வரியில் வைத்தால் சிறிது முட்டிக்கொண்டு நிற்கும். ஏன் என்று மூத்தவர்களைக் கேட்டார். "உன் அப்பனைத்தான் கேட்கவேண்டும்" என்றார்களாம். பாட்டியார் கதையை அவர் கேட்டது அதற்கு வெகுகாலம் பிறகு. நான் நியாயாதிபதியானால் இச்சாட்சியத்தை ஒதுக்கமாட்டேன்.

இனி ஒன்பதுக்கு வருவோம். அந்த முதலாளிக்குப்பின் அவர் மகன் வந்தார். கணக்குத் தெரிந்தவர். 1972-இல் பணிக்கொடைச் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் ஐந்து வருஷம் தொடர்ந்து உழைத்தவருக்கு, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பள வீதம் கொடுத்தே தீரவேண்டும். ஆகையால் பதிவேட்டில் ஒன்பதுக்குமேல் பெயர் ஏறவில்லை. தகப்பனார் பெயர் அந்த ஒன்பதிலும் இல்லை. 1991-இல் ஆப்செட்டும் கம்ப்யூட்டரும் வந்து கைக்கோப்பு வேலை ஒழிந்தபோது, அவருக்கு நாற்பத்தேழு வயது. ஒரு வேட்டி, ஒரு துண்டு, இருநூறு ரூபாய் கொடுத்து அனுப்பினார்கள். எழுத்துக்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். கடைசி நாளில் அவற்றைக் கோணியில் அள்ளிக் கட்டிக் கொடுத்ததும் தகப்பனாரே. அதன்பின் கம்ப்யூட்டரில் அச்சுக்கோக்கும் கடையொன்றில் பக்கக் கூலிக்குப் புரூப் பார்த்தார்.

அவருடைய கடைசிச் சம்பளம் மாதம் 780 ரூபாய். சட்டம் சொல்லுகிறபடி மாதத்தை 26 நாளாக வகுத்தால் நாளொன்றுக்கு 30. பதினைந்து நாளுக்கு 450. முப்பத்துமூன்று வருஷத்துக்கு 14,850 ரூபாய். வக்கீலாய்ப் பதிவு பெற்ற வருஷத்தில் நான் முதன்முதல் போட்ட கணக்கு இதுதான். காலம் கடந்துவிட்டது, ஆனால் தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு இடமுண்டு. வேலை செய்ததற்குக் காகித ஆதாரம் இல்லை என்பதே பெரிய கஷ்டம். அவர் கோத்த காகிதம் ஊரெங்கும் வீடுதோறும் கிடந்தது; அவர் கோத்தார் என்பதற்கு ஒரு காகிதமும் இல்லை. உடன் உழைத்த ஐவர் சாட்சி சொல்ல இணங்கினார்கள். மனுவை எழுதி எடுத்துக்கொண்டு தகப்பனாரிடம் போனேன்.

முழுவதும் படித்தார். இரண்டு இடத்தில் ஒற்று மிகாததைக் காட்டினார். பிறகு, "வேண்டாம், தம்பி" என்றார்.

"ஏன் அப்பா?"

"அன்று 'ழ்' எங்கே போயிற்று என்று அந்த வீட்டுப் பெரியவர் உன் தாத்தாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று நான் போய், என் பெயர் எங்கே போயிற்று என்று கேட்பதா?"

இதில் தகப்பனார் செய்தது தவறு என்றே அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன். அப்பெரியவரின் மௌனத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த நன்றி பாட்டனார் பட்ட கடன். அவர் அதன்பின் பதினாறு வருஷம் அங்கே உழைத்தார். தேசத்துக்குத் தந்தை செய்த நன்மையைத் தொழிலாளியின் கூலியில் மகன் கழித்துக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சுதந்திரம் வந்தபின் இந்நாட்டில் இம்மாதிரிக் கழிவு பல பெரிய வீடுகளில் பல உருவத்தில் நடந்ததை நம் நண்பர்கள் அறிவார்கள். இவ்வளவையும் தகப்பனாரிடம் சொன்னேன். வாதம் முழுவதையும் கேட்டுவிட்டு மனுவை நாலாய் மடித்து என் பையில் வைத்தார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

என் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. அதற்குச் சில வருஷம் முன்னே சட்டக் கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'அச்சுத் தொழில்' என்று எழுதினேன். பொய்யன்று; ஆனால் பொய் செய்யவேண்டிய வேலையை அது செய்தது. 'சொந்தமாய் அச்சுக்கூடம் இருக்கிறதா?' என்று கேட்ட ஆங்கிலம் பேசும் நண்பர்களுக்கு நான் இல்லையென்று சொல்லவில்லை, புன்னகை செய்தேன். தபாலில் சேர்க்கத் தகப்பனாரிடந்தான் அவ்விண்ணப்பத்தைக் கொடுத்தேன். எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கைமாற்றும் பழக்கம் அவருக்கில்லை. அந்த இடத்தில் அவர் கண் சற்று நின்றதைக் கண்டேன். "பிழை ஒன்றுமில்லை" என்று சொல்லி உறையில் இட்டார்.

2011-இல் இப்பத்திரிகையின் முதல் இதழ் மை உலராமல் வந்தபோது, முதற் பிரதியை அவரிடம் கொடுத்தேன். மற்றவர்கள் தலையங்கத்தைத் தேடுவார்கள். அவர் கடைசிப் பக்கத்தின் அடியைத் தேடினார். முப்பத்துமூன்று வருஷம் அவர் கோத்த எல்லாத் தாள்களின் அடியிலும் வரும் அந்த வரியில் இருந்தது முதலாளி பெயர். அடிக்கடி வேண்டியிருந்தமையால் அவ்வரியைக் கலைக்காமல் நூலால் கட்டி மாடத்தில் வைத்திருப்பாராம். எங்கள் இதழின் அந்த வரியைப் படித்தார்.

"அச்சிடுவோர் என்று உன் பெயர் போட்டிருக்கிறதே. உனக்கு அச்சிடத் தெரியாதே!" என்று வெகுநேரம் சிரித்தார். சட்டம் அப்படித்தான் கேட்கிறதென்று விளக்கினேன். தலையசைத்தார். பிறகு, "அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்றார்.

"பதினேழு பேர், அப்பா."

"பதிவில்?"

பதினேழுதான் என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாட் காலை, ஐந்து வருஷம் பின்னர் அவர் காலமாகும் வரையில் அந்த ஒரு முறைதான், என் ஆபீஸுக்கு வந்தார். ஆஜர்ப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெயரின் கீழும் விரலை வைத்து, உதடு அசையப் பதினேழையும் படித்தார். பதினோராவது பெயரில் ழகரம் இருக்கவேண்டிய இடத்தில் ளகரம் இருந்தது. என்னிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, அதை அடித்துத் திருத்தி, ஓரத்தில் புரூப் திருத்துவோர் இடும் குறியையும் இட்டார்.